மனைக்கோழியும் ‘மருந்து’ என்னும் சொல்லும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



தமிழ் வளர்க்கக் கூடிய அவையில் ஒருவன் கோழியைப் பற்றிப் பேச எழுந்திருப்பது சிலருக்கு நகைப்பைத் தரலாம். காலையில் இலக்கிய விருந்து உண்டோம், பிற்பகலில் கோழிப்பேனா என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது என் செவியிலும் விழுந்தது. அவருக்கு ஒன்று கூறுவேன். தமிழர் தெய்வமாகிய முருகப் பெருமான் தன் கொடியில் ஏற்றியது யானையை அன்று, புலியை அன்று, சேவலையே. ஆண்டுதோறும் பழநிக்கு நடந்து செல்லும் நாம் அச்சேவலின் இனத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினால் தமிழுக்கு இழுக்கு ஒன்றும் வந்துவிடாது.

மற்றொரு பெருமையும் நமக்கு உண்டு. பரம்பிக்குளத்துக் காட்டிலும் சின்னாற்றுப் புதரிலும் திடீரெனக் குறுக்கே ஓடி மறையும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியை நீங்கள் கண்டிருப்பீர்கள். உலகத்து வீட்டுக்கோழிகள் எல்லாம் பெரும்பாலும் செந்நிறக் காட்டுக்கோழியின் வழிவந்தவை. ஆனால் அவற்றுட் பலவற்றின் காலிலும் தோலிலும் காணும் மஞ்சள் நிறம், தென்னாட்டுக்குரிய இச்சாம்பல்நிறக் கோழியிடமிருந்து கலந்து வந்தது என்று 2008-ஆம் ஆண்டில் அறிவியலார் மரபணு ஆய்வினால் நிறுவினர். அமெரிக்க நாட்டுப் பண்ணையில் மஞ்சட் காலுடன் நிற்கும் கோழிக்கும் நம் நாட்டுக் காட்டிற்கும் உறவுண்டு என்பது எளிய செய்தியா?

இனி நம் வீட்டிற்கு வருவோம். இவ்வரங்கில் இரு நிலத்தார் அமர்ந்திருக்கின்றீர்கள். ஒரு சாரார் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், முதலமடை முதலான பாலக்காட்டு எல்லையூர்களிலிருந்து வந்தவர்கள். மற்றவர்கள் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை ஆகிய இடுக்கி மலைகளிலிருந்து இறங்கி வந்தவர்கள். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபொழுது இவ்விரு நிலமும் கேரளத்தில் அடங்கின. நிலம் இரண்டு; காற்றும் இரண்டு. சித்தூர் வட்டத்தில் பங்குனி சித்திரையில் வெப்பம் 40 பாகையைத் தொடும். மூணாற்றிலோ மார்கழி இரவுகளில் புல் நுனியில் பனி உறைந்து நிற்கும். ஆயினும் கால்நடைத் துறையில் பல்லாண்டு பணியாற்றிய காலத்தில், களத்து மேட்டிலும் தேயிலைத் தோட்டத்து லயத்தின் பின்புறத்திலும் பெண்கள் என்னைக் கேட்ட கேள்வி ஒன்றாகவே இருந்தது. “ஐயா, கோழி முட்டையை நிறுத்திப்போட்டது. என்ன மருந்து அடிக்கலாம்?”

இக்கேள்வியைச் சிறிது பிரித்துப் பார்க்க விழைகின்றேன். ஏனெனில் நம் மனைக்கோழிக்கு வரும் கேடும், அதன் வழியே நம் குழந்தைகளுக்கு வரக்கூடிய கேடும் இக்கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன.

முதலில், முட்டை நின்றதெல்லாம் நோயன்று. ஒரு முட்டை கோழியின் வயிற்றில் உருவாகி வெளிவர 24 முதல் 26 மணி நேரம் ஆகின்றது. அதில் ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே செல்கின்றது. ஓர் ஓட்டிற்கு 2 கிராம் அளவு சுண்ணாம்புச் சத்து வேண்டும். இரையில் அது கிடைக்காவிடில் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். இவ்வாறு உழைக்கும் உயிர் சிறிது ஓயாமலா இருக்கும்? நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு அமர்கின்றது. (மலையாளத்தாரும் இதனை அடையிருத்தல் என்றே கூறுவர். எல்லைக்கு இருபுறமும் கோழிக்கு ஒரே மொழிதான்.) ஆண்டுக்கு ஒருமுறை இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்க இரண்டு மூன்று திங்கள் எடுத்துக்கொள்கின்றது. அக்காலத்தில் உண்ட சத்தெல்லாம் இறகுக்கே போகும், முட்டைக்கு மிஞ்சாது. இவ்விரண்டும் இயற்கை. அடை வேண்டாத கோழியின் மூக்கில் இறகைச் செருகுவதும், தலைகீழாகப் பிடித்து நீரில் அமிழ்த்துவதும் சில வீடுகளில் இன்றும் நடக்கின்றன. அவை வேண்டா. அடியில் காற்றோடும்படி, வைக்கோல் இன்றி, வெளிச்சம் பட உயர்த்தி வைத்த மூங்கிற் கூண்டில் மூன்று நான்கு நாள் இரையும் நீரும் கொடுத்து வைத்தால், வயிற்றுச் சூடு தணிந்து பெரும்பாலும் அடை தெளிந்துவிடும்.

வெயில் நிலத்தார்க்கு ஒரு சொல். கோழிக்கு வியர்வை இல்லை. வாய் திறந்து இரைத்தே வெப்பத்தைப் போக்குகின்றது. அவ்வாறு இரைக்கும்பொழுது மூச்சோடு கரிவளி மிகுதியாக வெளியேறுகின்றது. ஓடு கட்டுவதற்கு வேண்டிய பொருள் குருதியிற் குறைந்துவிடுகின்றது. அதனால்தான் கோடையில் ஓடு மெலிந்த முட்டையும் தோல்முட்டையும் வருகின்றன. சாமி குற்றமும் கண்ணேறும் அன்று. நிழலும், மண்சட்டியில் குளிர்ந்த நீரும், வெயில் ஏறுமுன்னும் தாழ்ந்த பின்னும் இடும் இரையும் போதும். சமைத்த முட்டையின் ஓட்டைத் தூர எறியாது, வெயிலில் உலர்த்தி நொறுக்கி, கிளிஞ்சல் கிடைத்தால் அதனையும் இடித்துச் சேர்த்து, தனிச் சிரட்டையில் வையுங்கள். வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். ஓட்டை முழுதாகப் போடலாகாது; போட்டால் தன் முட்டையைத் தானே உடைத்துண்ணும் பழக்கம் வந்து சேரும்.

முட்டை வெளிவராது சிக்கிக்கொள்வதும் உண்டு. முதல் முட்டையிடும் விடைக்கோழிக்கும், கொழுத்த கோழிக்கும், சுண்ணாம்புச் சத்துக் குறைந்த கோழிக்கும் இது நேரும். கோழி நிமிர்ந்து நின்று, வாலை ஆட்டி ஆட்டி முக்கிக்கொண்டே இருக்கும். இளஞ்சூடான நீரில் கால்மணி நேரம் வயிற்றளவு அமர்த்தி, புழை வாயில் சிறிது எண்ணெய் தடவி, இருண்ட அமைதியான இடத்தில் விடுங்கள். வயிற்றை அமுக்கி உடைத்தெடுக்க முயலாதீர்கள். உள்ளே உடைந்த ஓடு கோழியின் உயிரை வாங்கிவிடும்.

இவை சிறு செய்திகள். நான் நின்று பேச விரும்புவது கூட்டுக்குள் ஒளிந்திருக்கும் கள்வனைப் பற்றியே.

கோழியைப் பற்றும் சிற்றுயிர்களையெல்லாம் நாம் பேன் என்று ஒரே பெயரால் அழைத்துவிடுகின்றோம். அவற்றுள் இரண்டு வகையைப் பிரித்தறிதல் வேண்டும். பேன் என்பது இரவும் பகலும் கோழியின் உடலிலேயே வாழ்வது. வாலடி இறகை விலக்கினால் வைக்கோல் நிறத்தில் ஓடும். இறகின் அடியில் ஈர் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். பிறிதொன்று, குருதி குடிக்கும் உண்ணி. அதனைச் செவ்வுண்ணி என்று அழைப்போம். முழு வளர்ச்சி பெற்றதும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. பசித்திருக்கையில் சாம்பல் நிறம், குடித்தபின் செந்நிறம். இது பகலில் கோழிமேல் இராது. கூட்டின் பலகை இடுக்கிலும், கோழி அமரும் கழியின் முனையிலும், லயத்துச் சுவரின் வெடிப்பிலும் உறங்கும். விளக்கு அணைந்தபின் படைபோல் புறப்பட்டு வந்து, குடித்துவிட்டு, விடியுமுன் மறைந்துவிடும். பகலில் கோழியைத் தூக்கிப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று கூறுவோர் ஏமாறுவது இதனால்தான்.

சூடும் ஈரமும் கலந்த காலத்தில் ஏழு முதல் பத்து நாளுக்குள் இதன் ஒரு தலைமுறை முடிந்து மறு தலைமுறை எழும். அடைகாக்கும் காலமோ 21 நாள். வைக்கோல் நிறைந்த கூடையில் அசையாது அமர்ந்திருக்கும் தாய்க்கோழியின் அடியில், குஞ்சு பொரிக்குமுன் இக்கள்வர் இரண்டு மூன்று தலைமுறை பெருகிவிடுகின்றனர். பதினைந்தாம் நாளில் கோழி அடையை விட்டு எழுந்துபோய், முட்டை குளிர்ந்து, அத்தனையும் கூமுட்டையாவது நம் வீடுகளில் எத்தனைமுறை நிகழ்ந்திருக்கின்றது! ‘பொறுப்பற்ற கோழி’ என்று அதனைக் குழம்பில் இட்டுவிடுகின்றோம். பொறுப்பற்றது கோழியா? இரவெல்லாம் குருதி இழந்து, கொண்டை வெளுத்து, பொறுக்கமாட்டாமல் எழுந்த உயிர் அது.

அடையாளங்கள் சொல்கின்றேன். மாலையில் கூட்டுக்குள் புக மறுத்து, மரத்திலோ கூரையிலோ ஏறும் கோழியைக் கோலால் அடித்து உள்ளே தள்ளாதீர்கள், கூட்டைப் பாருங்கள். (மரத்தில் ஏறியதை மரநாய் கொண்டுபோகும் என்பதும் நீங்கள் அறிந்ததே.) முட்டை ஓட்டின்மேல் சிறு சிறு குருதிப் பொட்டுகள் இருப்பின், அவை கோழியின் அடியில் நசுங்கிய உண்ணிகளாக இருக்கக்கூடும். கூட்டைக் கூட்டிப் பெருக்கிய பெண்ணின் கையில் அன்றிரவு அரிப்பு எடுத்தால் அதுவும் ஒரு சான்று. ஐயம் தீர, இரவு ஒன்பது மணிக்கு மேல் விளக்குடன் சென்று கழியின் அடிப்புறத்தைப் பாருங்கள். அல்லது வெள்ளைத் துணி ஒன்றைக் கழியின் முனையில் சுற்றி வைத்து விடியற்காலையில் பிரியுங்கள். பொடி ஊரும். வெள்ளைத் தாளில் வைத்துத் தேய்த்தால் செங்கோடு விழும்.

இனி, அந்தச் சொல்லுக்கு வருகின்றேன்.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்திற்கு ‘மருந்து’ என்று பெயர். நோய் தீர்ப்பது, உயிர் காப்பது என்பதே அச்சொல்லின் பொருள். இன்றோ ஏலக்காட்டிலும் மாந்தோப்பிலும் தெளிக்கும் நஞ்சிற்கும் மருந்து என்றே பெயர் வைத்திருக்கின்றோம். ‘மருந்து அடித்தல்’ என்கின்றோம். மலையாளத்தாரும் அவ்வாறே கூறுகின்றனர். நஞ்சை நஞ்சென்று அழைத்திருந்தால் எந்தத் தாயும் அதை அடுப்படிக்குக் கொண்டுவந்திருக்க மாட்டாள். மருந்து என்று அழைத்தமையால், தோட்டத்தில் மிஞ்சியதைச் சிறு குப்பியில் ஊற்றிக்கொண்டு வந்து கோழிக்கூட்டில் தெளிக்கின்றாள். இது சொற்பிழையால் விளையும் உயிர்ப்பிழை; தமிழ்ச் சங்கத்தில் பேசவேண்டிய செய்திதான்.

உடும்பன்சோலைப் பக்கத்தில் ஒரு தாய் இவ்வாறு செய்ததைக் கண்டேன். ஏலத்தில் அந்நாளில் பயன்பட்ட குவினால்பாஸ் என்னும் நஞ்சு அது. தெளித்த கூட்டில் அடைத்த ஏழு கோழிகளுள் ஐந்து, காலையில் சிறகு தொங்கி, வாயில் நீர் வடிந்து கிடந்தன. அந்தத் தாய் அழுதாள். அவளுக்கு அது ஒரு திங்கள் உப்பு புளிச் செலவு. ஆனால் நான் அஞ்சியது இறந்த ஐந்தினை எண்ணியன்று. பிழைத்த இரண்டினை எண்ணி. அவை மறுபடியும் முட்டை இடும். அம்முட்டையைப் பள்ளி செல்லும் பிள்ளைக்கு அவித்துக் கொடுப்பார்கள்.

இது வெறும் அச்சமா? 2017-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் நடந்ததைக் கேளுங்கள். நெதர்லாந்து நாட்டில் பெரும் பண்ணைகளில் இதே செவ்வுண்ணியை ஒழிக்க ஒரு துப்புரவு நிறுவனம் தைல மணம் கமழும் மருந்தொன்றைத் தெளித்தது. தழையிலிருந்து எடுத்த பொருள் என்றே பண்ணையார்கள் நம்பினர். அதனுள் பிப்ரோனில் என்னும் பூச்சி நஞ்சு கலந்திருந்தது. உணவுக்காக வளர்க்கும் உயிர்களிடத்துப் பயன்படுத்தக் கூடாது என்று அங்கு விலக்கப்பட்ட பொருள் அது. கொழுப்பில் தங்கும் தன்மையுடையதாகையால் மஞ்சட்கருவில் போய்ச் சேர்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பண்ணைகள் மூடப்பட்டன. கோடிக்கணக்கில் முட்டைகள் அழிக்கப்பட்டன. நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் அதன் சுவடு காணப்பட்டது. அங்கே ஆய்வுக்கூடம் இருந்தது, கண்டுபிடித்தார்கள். நம் லயத்தின் பின்புறத்து முட்டையை எந்த ஆய்வுக்கூடம் பார்க்கப் போகின்றது? அதே பிப்ரோனில் நம் ஊரில் பயிருக்கென்றும் நாய் உண்ணிக்கென்றும் விற்கப்படுகின்றது. நாய்க்கு வாங்கியது மிஞ்சினால் கோழிக்கு என்று யாரும் எண்ண வேண்டா.

முதலமடையிலிருந்து வந்திருப்பவர்களுக்கு இதனை நான் விரித்துக் கூற வேண்டியதில்லை. மாந்தோப்பில் தெளித்த எண்டோசல்பான் பற்றிய துயரப் பேச்சை நீங்கள் கேட்டு வளர்ந்தவர்கள். 2011-ஆம் ஆண்டு மே திங்களில் உச்ச நீதிமன்றம் அதனை நாடு முழுதும் தடுத்தது. தோப்பிற்கு வேண்டாம் என்று போராடிய நாம், வீட்டுக் கூட்டிற்குள் வேறொரு குப்பியைத் திறந்து வைத்தால் நியாயமா?

அப்படியானால் செய்யத் தக்கது யாது? செவ்வுண்ணி கோழியில் வாழவில்லை, கூட்டில் வாழ்கின்றது என்றேன். ஆகவே தாக்கவேண்டியது கூட்டையே. பகற்பொழுதில் கோழிகளை வெளியே விட்டு, வைக்கோல், சருகு, பழைய சாக்கு அனைத்தையும் எடுத்துத் தொலைவில் எரித்துவிடுங்கள். அமரும் கழிகளைக் கழற்றிக் கொதிக்கும் நீரை இடுக்கெல்லாம் பாயுமாறு ஊற்றுங்கள். கொதிநீரில் எந்த உண்ணியும் பிழைப்பதில்லை. உலர்ந்தபின் சுண்ணாம்பைக் குழம்பாகக் கரைத்து வெடிப்புகள் அடையும்படி அடியுங்கள். நன்கு காயும்வரை கோழியை உள்ளே விடலாகாது. கழி முனைகளில் மண்ணெண்ணெய் துடைக்கும் பழைய வழக்கம் ஒன்றுண்டு. கழிக்கு அது தகும். கோழியின் தோலில் பூசினால் வெந்துவிடும். அடுப்பருகே உள்ள கூட்டிற்கு அதுவும் ஆகாது.

ஒருமுறை செய்துவிட்டு ஓய்ந்தால் பயனில்லை. இடுக்கில் தப்பிய முட்டைகள் பொரிந்து ஒரு கிழமையில் மீண்டும் படை திரளும். ஏழாம் நாள் ஒருமுறை, பதினான்காம் நாள் ஒருமுறை கொதிநீர் ஊற்றுங்கள். கூட்டைக் காலியாக விட்டுப் பட்டினி போட்டுக் கொல்லலாம் என்று எண்ணுவோரும் உளர். குருதியின்றியே பல திங்கள் கிடக்க வல்லது அவ்வுயிர். இதில் எனக்குத் தோன்றுவது ஒன்று. ஆணி அடித்த பலகைக் கூட்டைக் காட்டிலும் நம் கொங்கு நாட்டார் பின்னிய மூங்கிற் குடாப்பே மேலானது. தூக்கி வெயிலில் கவிழ்க்கலாம். கொதிநீரில் முழுதும் நனைக்கலாம். கெட்டால் எரித்துவிட்டு வேறு வாங்கலாம். இன்று தகரமும் பலகையும் கொண்டு அழகாகச் செய்த கூடுகளைப் பார்க்கின்றேன். அழகு நமக்கு, இடுக்கெல்லாம் உண்ணிக்கு.

உடலில் வாழும் பேனுக்கு வேறு வழி. நிழலில் ஒரு குழி. அதில் மணலும் சலித்த விறகுச் சாம்பலும் பாதிப் பாதி. கோழி தானே அதில் புரண்டு குளிக்கும். நுண்ணிய தூள் பேனின் உடலை உலர்த்திக் கொல்லும். இடுக்கி மலையில் ஆடி மாத மழை விடாது பெய்யும்பொழுது நாட்கணக்கில் கோழிக்குப் புழுதிக் குளியலே கிடைப்பதில்லை. அதனால்தான் மழை ஓய்ந்தபின் பேன் மிகுதியாகத் தெரிகின்றது. கூரையின் அடியில் பழைய பெட்டி ஒன்றில் சாம்பல் வைத்தாலும் போதும். அடைக் கூடையில் வைக்கோலுக்கு மாறாக மணலும் சாம்பலும் பரப்பி, மேலே காய்ந்த வேப்பிலை இட்ட நம் பாட்டிமாரின் வழக்கம் வெறும் சடங்கு அன்று. கூடையில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் வைத்தார்களே, இடிக்கு அஞ்சி? அதனால் தீங்கில்லை, உண்ணிக்கு அது தெரியாது.

காற் செதில்கள் தூக்கி, சுண்ணாம்பு பூசியதுபோல் தடித்திருப்பின் அது செதிலுக்குள் துளைத்து வாழும் வேறோர் உண்ணி. வெதுவெதுப்பான சோப்பு நீரில் காலை ஊறவைத்துத் துடைத்து, தேங்காயெண்ணெயை அழுந்தப் பூசுங்கள். மூச்சுவிட வழியின்றி அது மடியும். கிழமைக்கு இருமுறையாகச் சில கிழமை செய்தல் வேண்டும். செதிலைப் பிய்க்கலாகாது.

இத்தனையும் செய்து முட்டை வராவிடில், அல்லது கோழி தலை திருகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால், அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அதற்குச் சாம்பலும் வேம்பும் உதவா; தடுப்பூசி ஒன்றே காப்பு. குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் கிழமை அளவில் ஊசி. இதனைக் கால்நடை மருத்துவமனையில் கேட்டுப் பெறுங்கள்.

மருத்துவமனைக்குச் செல்லும்பொழுது வெறுங்கையோடு செல்லாதீர்கள். உண்ணியை வெள்ளைத் தாளில் மடித்து, ஒரு சிறு குப்பியில் இட்டு எடுத்துச் செல்லுங்கள். ‘ஏதோ பூச்சி’ என்று சொல்வதைவிட அது நன்கு பேசும். மருத்துவர் எழுதித் தரும் தாள் மலையாளத்தில் இருக்கலாம். நம்மில் பலர் அம்மொழியைப் பேசுவோம், படிக்க மாட்டோம். கூச்சப்படாது ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: “இது கொடுத்தபின் எத்தனை நாள் முட்டையை உண்ணக் கூடாது?” அவர் கூறும் நாளைச் சுவர் நாட்காட்டியில் அங்கேயே தமிழில் குறித்து வையுங்கள். அந்நாள்வரை வரும் முட்டையை விற்கவும் வேண்டா, பிள்ளைக்குக் கொடுக்கவும் வேண்டா, உடைத்துக் குழியில் புதைத்துவிடுங்கள்.

பின்வரிசை அன்பர் இன்னும் அமர்ந்திருக்கின்றார் என்று காண்கின்றேன். அவர் வீட்டிலும் நான்கு கோழிகள் உண்டு என்று அவர் துணைவியார் இப்பொழுதுதான் கூறினார். தேநீர் வேளையில் அவரோடு தனியே பேசிக்கொள்கின்றேன்.